டிரம்பெட் வான்கோழிக் குழலுக்கு எந்த மரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வார இறுதி வந்தால் கடைசல் மெஷின் முன்னால் போய் நிற்பவன் நான். சில வருடங்களாகக் கடைவதெல்லாம் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: காட்டு வான்கோழியைக் கூப்பிடும் டிரம்பெட் குழல். மரம் கடைவதில் ஆர்வமுள்ள தமிழ் நண்பர்கள் கேட்டவற்றையும், கடையப் புதிதாக வருகிறவர்கள் கேட்பவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

டிரம்பெட் கால் என்றால் என்ன? வான்கோழியின் காலா?

இல்லை. கூப்பிடுவது என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல் அது. குழப்பம் வேண்டாம் என்று நான் 'குழல்' என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டையின் முக்கியப் பருவம் வசந்த காலம். சேவல் பெட்டையைத் தேடி அலையும் நேரம். வேட்டைக்காரர் ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலைக் கொடுத்துச் சேவலை அருகே வரவழைப்பார். அந்தக் குரலைக் கொடுக்கப் பெட்டி, கற்பலகை, வாய்க்குள் வைக்கும் சவ்வு என்று பல கருவிகள் உண்டு. டிரம்பெட் அவற்றில் ஒன்று. மெல்லிய வாய்க்குழல், அதைத் தாங்கும் மரத்தண்டு, நுனியில் நாதஸ்வரத்து அணசு போல லேசாக விரியும் வாய், இவ்வளவுதான்.

பெயர் டிரம்பெட் என்றாலும் இதை ஊதுவதில்லை, உறிஞ்ச வேண்டும். குழந்தைக்குச் சத்தமாக முத்தம் கொடுப்பது போல உதட்டைக் குவித்து, காற்றை உள்ளே இழுத்தால் உதடு துடிக்கும். அந்தத் துடிப்புதான் குரல். மறு நுனியைக் கைக்குள் பொத்தித் திறந்து குரலை உருட்டுவார்கள். நான் முதல் ஒரு வாரம் இழுத்ததில் வந்தது வான்கோழிக் குரல் இல்லை, அடைத்துக்கொண்ட சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கும் சத்தம்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

வான்கோழியின் இறக்கையிலிருந்தே வந்தது. இறக்கையின் மூன்று எலும்புகளைச் சுத்தம் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒட்டினால் அதுவே ஒரு குழல். அமெரிக்கப் பூர்வகுடிகள் எலும்புக் குழலைப் பயன்படுத்தியவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ஜோர்டான் என்ற வேட்டைக்காரர் எலும்போடு ஆற்றங்கரை நாணலைச் சேர்த்துச் செய்த குழல் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை வைத்துத்தான் எட்வர்ட் மெக்கில்ஹென்னி 1914-இல் காட்டு வான்கோழி பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். டபாஸ்கோ மிளகாய் சாஸ் குடும்பத்து மெக்கில்ஹென்னியேதான். அப்புறம் மெம்பிஸ் நகரத்து டாம் டர்ப்பினின் குழல் புகழ் பெற்றது.

இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு, நாணல் இரண்டுமே பிறக்கும்போதே உள்ளே வழவழப்பான குழாய்கள். மரம் அப்படி இல்லை. திடக்கட்டையை நாம் துளைத்துக் குழாயாக்குகிறோம். மரத் தேர்வின் தலைவலி எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

மரம் மாறினால் சத்தம் மாறுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

இதைக் கேட்டால் பத்துக் கடைசல்காரர்கள் பன்னிரண்டு பதில் சொல்வார்கள். கனமான மரம் கூர்மையாகப் பேசும், இலேசான மரம் இதமாகப் பேசும் என்பது பொதுவான நம்பிக்கை. என் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் காரணம் மரத்தின் 'குரல்' என்று நான் நம்பவில்லை.

காற்றுக் கருவிகளில் ஒலிப்பது உள்ளே நிற்கும் காற்றுத் தூண். சுவர் கொஞ்சம் தடிமனாக இருந்துவிட்டால் அது அசைவது மிகக் குறைவு. ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-இல் கிளாரினெட்டை வைத்து ஆராய்ந்து, சுவரின் அதிர்வு ஒலியில் சேர்க்கும் பங்கு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று காட்டினார். ஜான் கோல்ட்மன் 1971-இல் ஒரே உள்ளளவில் வெள்ளி, செம்பு, மரம் என்று மூன்று புல்லாங்குழல்களைச் செய்து, திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் எது எதென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் மரத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக ஏன் பேச வேண்டும்? உள்துளையின் தரத்தைத் தீர்மானிப்பது மரம் என்பதால். நெருக்கமான கட்டை கண்ணாடி போலத் துளைபடும். பொறபொறப்பான கட்டையில் நார் பிய்ந்து உள்ளே முள் முள்ளாக நிற்கும். காற்று அதில் உரசினால் குரலின் விளிம்பு மழுங்கும். ஈரத்தில் மரம் உப்பினால் வட்டத் துளை நீள்வட்டமாகும், வாய்க்குழல் செருகிய இடத்தில் காற்று கசியும். காது கேட்கிற 'கூர்மை', 'இதம்' எல்லாம் பெரும்பாலும் இவைதான் என்பது என் கட்சி. ஆகவே நான் மரம் எடுக்கும்போது முதலில் டிரில் பிட்டை நினைக்கிறேன், அடுத்ததாக விடியற்காலைப் பனியை, அதற்குப் பிறகுதான் அழகை.

சரி, கட்டையைக் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பீர்கள்?

வைரம் பாய்ந்த பாகமா, வெள்ளைக் கட்டையா என்று பார்ப்பேன். பெரும்பாலான மரங்களில் வைரம் பாய்ந்த பாகம்தான் வேண்டும் (பெர்சிமன் விதிவிலக்கு, கீழே சொல்கிறேன்). ரேகை நேராக ஓடுகிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். சாய்ந்து ஓடும் ரேகையில் பிட்டும் அதோடு சாய்ந்து போய்விடும். குறுக்கு வெட்டு முகத்தை நனைத்துப் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். ஓக் போல வளையம் வளையமாகப் பெரிய துளைகள் தெரிந்தால் கீழே வைத்துவிடுவேன்.

கடினத்துக்கு ஜங்கா என்று ஓர் அளவு இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தில் பாதி வரை அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்ற கணக்கு. கருப்பு வால்நட் 1,010, மேப்பிள் 1,450. 2,000-க்கு மேல் போனால் குழலுக்கு நல்ல கட்டை என்று நினைத்துக்கொள்ளலாம். எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடினமாக இருந்தும் காயும்போது வெடித்துத் தள்ளும் மரங்கள் நிறைய.

உங்களுக்கு மிகவும் பிடித்த மரம் எது?

ஒசேஜ் ஆரஞ்சு. யோசிக்காமல் சொல்வேன்.

பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது பலாவும் மல்பெரியும் இருக்கும் குடும்பத்து மரம். காய், பச்சைப் பந்து ஒன்றை மூளை போல மடித்து வைத்த மாதிரி இருக்கும், யாரும் தின்பதில்லை. டெக்சஸ், ஒக்லஹாமா, ஆர்கன்சா சேரும் ரெட் ஆற்றுப் பகுதிதான் பூர்வீகம். ஒசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் இதில் வில் செய்தார்கள். அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் வில்மரம் என்று பெயர் வைத்தார்கள். முள்கம்பி வருவதற்கு முன்னால், மத்திய மேற்கு முழுவதும் விவசாயிகள் இதைத்தான் வரிசையாக நட்டு வேலியாக வளர்த்தார்கள். 1874-இல் முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்றார். அதன் பிறகும் இந்த மரத்துக்கு வேலை போகவில்லை. கம்பியைத் தாங்கும் தூணாகிவிட்டது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் நின்றாலும் உளுக்காது.

குழல்காரனுக்கு இதில் என்ன லாபம்? ஜங்கா 2,600 வாக்கில். காயும்போது மொத்தச் சுருக்கம் 9 சதவீதம் அளவுதான். வளையத் துளை கொண்ட மரம்தான், மேலே நான் சொன்ன விதிப்படி கீழே வைத்திருக்க வேண்டும். ஆனால் இதன் துளைகளை மரமே உள்ளிருந்து சவ்வு போல அடைத்துக்கொள்கிறது, அதனால் ஈரம் எளிதில் ஏறாது. புதிதாகக் கடைந்ததும் மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும். வெயில் படப்பட நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்து, பிறகு பழைய பித்தளைப் பழுப்பாகும். மஞ்சளாகவே இருக்கட்டும் என்று கேட்பவர்களுக்கு, டப்பாவில் போட்டு மூடி வைக்கத்தான் சொல்ல வேண்டும்.

நான் கடைந்ததில் நல்ல குழல் ஒன்று, ஒரு பண்ணையில் பிடுங்கிப் போட்ட வேலித்தூணிலிருந்து வந்தது. எத்தனையோ வருடம் காய்ந்த கட்டை. வெளியே சாம்பல் பூத்துக் கிடந்தது, ஒரு சீவல் எடுத்ததும் உள்ளே தகதகவென்று மஞ்சள். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்காரர்கள் இடித்த பழைய வீடுகளின் ஆச்சா உத்திரங்களைத் தேடிப் போவதும் இதே காரணத்தால்தான். ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி அடங்கிய கட்டை அது. தூணில் ஒரே ஒரு ஆபத்து: உள்ளே புதைந்து போன கம்பி ஆணி. காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் மெஷினில் ஏற்றி ஒரு உளியின் வாயை நான் தொலைத்திருக்கிறேன்.

பெர்சிமன் நல்ல மரமா?

அருமையான மரம், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். இது நம் கருங்காலியின் நேரடி உறவு, இரண்டும் டயாஸ்பைராஸ் இனம். கருங்காலியில் கருப்பு வைரத்தை எடுத்து வெள்ளையைத் தள்ளுவோம். பெர்சிமனில் தலைகீழ். வயதான மரத்தின் நடுவில்தான் கொஞ்சம் கருப்பு இருக்கும், நமக்குக் கிடைப்பதெல்லாம் பாலாடை நிறத்து வெள்ளைக் கட்டை. அந்த வெள்ளையே 2,300 ஜங்கா. உலோகத் தலைகள் வருவதற்கு முன் கோல்ஃப் மட்டைகளின் தலையைப் பல காலம் இந்த மரத்தில்தான் செய்தார்கள்; லட்சக்கணக்கான அடி வாங்கியும் பிளக்காத மரம்.

துளை வழவழவென்று விழும், சீவல் நூலாக வரும். சிக்கல் காயும்போதுதான்: மொத்தச் சுருக்கம் 19 சதவீதம், ஒசேஜ் ஆரஞ்சைப் போல இரு மடங்கு. நம் ஊரில் கூட இருந்தே குழி பறிப்பவனைக் கருங்காலி என்று திட்டுவோம். இந்த அமெரிக்கக் கருங்காலியும் சில நேரம் அந்தப் பெயரைக் காப்பாற்றும். ஒரு சமயம் காய்ந்த கட்டை என்று விற்றதை நம்பி வாங்கினேன். கடைந்து, மெருகேற்றி, நண்பருக்குப் பரிசாகவும் கொடுத்தாகிவிட்டது. குளிர்காலம் வந்து வீட்டில் ஹீட்டர் போட்டதும் வாய்க்குழலிலிருந்து அணசு வரை ஒரே கோடாக விரிசல். அன்று முதல் யார் காய்ந்தது என்று சொன்னாலும், கட்டையை எடைபோட்டுத் தேதியோடு அதன் மேலேயே எழுதி வைப்பேன். இரண்டு மாதம் எடை மாறாமல் நின்றால்தான் மெஷினுக்குப் போகும்.

வால்நட், செர்ரி, மேப்பிள்?

மூன்றும் எங்கள் பக்கம் எளிதாகக் கிடைப்பவை. வால்நட் பார்க்க அழகு, கடைய வெண்ணெய், ஆனால் துளைக்குள் நார் நிற்கும். உள்ளே மெல்லிய சூப்பர் குளூ ஓட்டி, திரும்ப ஒரு தடவை பிட்டை விட்டுத் தேய்க்க வேண்டும். செர்ரி 950 ஜங்காதான் என்றாலும் ரேகை நெருக்கம், எதிர்பார்ப்பதைவிட நன்றாகத் துளைபடும். மேப்பிள் குறை சொல்ல ஒன்றுமில்லாத மரம், ஆசைப்படவும் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுத் தோட்டத்தில் டாக்வுட் கிளை முறிந்தால் மட்டும் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் நெசவாலைகளில் தறி நாடா செய்த மரம் அது. நூலை அறுக்காத வழவழப்பு துளைக்கும் நல்லதுதானே.

சிடார்?

பெட்டி வகைக் கருவிக்கு அருமை. அங்கே மரப்பலகையே அதிர்ந்து ஒலிக்க வேண்டும். குழலுக்கு வேண்டாம், மென்மையான கட்டை, துளை விளிம்பு பொரிந்து போகும். வாசனைக்காக ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்கக் கருமரம், கோகோபோலோ, நம் ஈட்டி இவையெல்லாம்?

ஒலியும் துளையும் மட்டும்தான் கணக்கு என்றால் ஆப்பிரிக்கக் கருமரத்தை மிஞ்ச ஆளில்லை. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கும், ஜங்கா 3,670. கிளாரினெட்டும் ஓபோவும் இதில்தான் செய்கிறார்கள். உலோகத்தைக் கடைவது போல இருக்கும், துளை பளபளவென்று வரும். கோகோபோலோ மத்திய அமெரிக்காவில் விளைவது. எண்ணெய்ப்பசை மிகுந்தது, தீச்சுவாலை போன்ற ரேகை. ஈட்டி, சில ஊர்களில் தோதகத்தி என்பது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். 2,440 ஜங்கா, நல்ல நிதானமான மரம். நுண்துளை கொஞ்சம் பெரிது என்பதால் உள்ளே அடைத்துப் பூச வேண்டும். மெஷினில் ஈட்டியைக் கடையும்போது எழும் அந்த இனிப்பு வாசனையில் எனக்கு ஒரு தனிப்பட்ட பலவீனம் உண்டு, நியாயமாக மதிப்பெண் போட மாட்டேன்.

இந்த மூன்றும் டால்பெர்ஜியா இனம். அந்த இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது (பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992-லிருந்தே அதைவிடக் கடுமையான பட்டியலில்). 2019-இல் தளர்த்தி, முடிந்த இசைக்கருவிகளுக்கும், ஒரு சரக்குக்கு 10 கிலோ வரையான முடிந்த பொருள்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். கடையாத கட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. ஊருக்கு வந்துபோகும்போது மாமா பட்டறையிலிருந்து நான்கு ஈட்டித் துண்டைப் பெட்டியில் போட்டு வரலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில்: வேண்டாம். அமெரிக்காவில் சட்டவிரோத வனவிலங்கு வணிகத்தைத் தடுக்க 1900-இல் வந்த லேசி சட்டம் 2008-இல் மரத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. வேறு நாட்டின் சட்டத்தை மீறி வெளியே வந்த மரம் இங்கேயும் குற்றம். இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலித் துண்டுகளுக்காக கிப்சன் கிடார் தொழிற்சாலையில் 2011-இல் சோதனை நடந்தது நினைவிருக்கலாம். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருந்தார். நமக்கு யார் இருக்கிறார்கள்? ரசீதோடு விற்கும் உள்ளூர் வியாபாரியிடம் வாங்குங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் தூசி. கோகோபோலோ தூள் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாக மாறும்; முதல் கட்டையில் ஒன்றும் தெரியாது, ஐந்தாவதில் கை முழுக்கத் தடிக்கும். எனக்குக் கழுத்து வரை வந்தது. முகமூடி, முழுக்கை, வேலை முடிந்ததும் குளியல், மூன்றும் கட்டாயம்.

சிவப்பு மரம் வேண்டாம் என்கிறார்களே, மூடநம்பிக்கையா?

இல்லை, உயிர் விஷயம். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அதனால்தான் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த மூன்று நிறத்தையும் உடுத்தக் கூடாது என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்கிறார்கள். அரையிருட்டில், புதருக்குள், முகத்துக்கு நேராகச் செக்கச்செவேல் என்று ஒரு குழல் ஆடினால் இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? நம் வேங்கையின் ஆப்பிரிக்க உறவான படாக், புதிதில் குங்குமச் சிவப்பு. காட்சிக்கு வைக்கச் செய்யுங்கள், காட்டுக்கு வேண்டாம். கண்ணாடிப் பளபளப்பு மெருகும் அப்படித்தான், வெயில் பட்டு மின்னினால் பறவை ஓடிவிடும். காட்டுக்குப் போகும் குழலுக்கு நான் எண்ணெய் மட்டும் தேய்த்து மங்கலாக விடுகிறேன். மற்றதெல்லாம் தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு நாஷ்வில்லில் நடத்தும் மாநாட்டின் போட்டி மேசைக்குப் பொருத்தம். அங்கே வைக்கும் அலங்காரக் குழல்களைப் பார்த்தால் தொடவே கை நடுங்கும்.

வாய்க்குழலையும் அதே மரத்தில் செய்யலாமா?

நான் செய்வதில்லை. உதட்டில் நாள் முழுக்க இருக்கும் பாகம். எச்சில் ஊறும், ஒவ்வாமை தரும் மரத்துக்கு அது நேர்வழி. எலும்பு, கொம்பு, டெல்ரின் பிளாஸ்டிக் மூன்றும் நல்லவை. குரலை நிஜமாகவே மாற்றும் பாகமும் இதுதான். வாய்க்குழலின் உள்விட்டத்தில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் வேறு பறவை பேசும். தண்டுக்கு எந்த மரம் என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

துளை போடும்போது எது கவனம்?

முதலில் துளை, பிறகு வெளிவடிவம். பலர் அழகாகக் கடைந்துவிட்டுத் துளைக்கப் போய், பிட் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்த்ததும் தலையில் கை வைப்பார்கள். ஒரு அங்குலச் சதுரம், 6 அங்குல நீளக் கட்டையில் துளையை முடித்து, அந்தத் துளையையே மையமாக வைத்து வெளியே கடைந்தால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக வரும். வேகத்தைக் குறைத்து, கால் அங்குலம் போனதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். சூடேறினால் கருமரமும் கோகோபோலோவும் உள்ளே மயிர்விரிசல் விடும், அது அன்றைக்குத் தெரியாது. எண்ணெய்ப்பசை மரங்களில் வளையமோ வாய்க்குழலோ ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடையுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

பிசின் ஏற்றிய மரம் பரவாயில்லையா?

பரவாயில்லை. வெற்றிடத்தில் வைத்து அக்ரிலிக் பிசினை உறிஞ்ச வைத்து, சூட்டில் இறுக வைப்பார்கள். உளுத்துப்போகத் தொடங்கிய, கோடு கோடாகப் பூஞ்சை படிந்த மேப்பிள் கூட உருப்படியாகிவிடும். ஈரக் கவலையும் இல்லை. கடையும்போது பிளாஸ்டிக் நாற்றம் வரும், எனக்கு அது ஒத்துவரவில்லை. உங்களுக்கு ஒத்துவந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

முதல் குழலுக்கு எதை எடுக்கட்டும்?

செர்ரியில் மூன்று செய்யுங்கள். மூன்றில் இரண்டு வீணாகும், அதிகம் செலவாகாது. நான்காவதுக்கு ஒசேஜ் ஆரஞ்சு. பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர் யாராவது இருந்தால், பழைய வேலியைப் பிரிக்கும்போது ஒரு தூண் வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். எரிக்கத்தான் போகிறார்கள், சும்மாவே கொடுப்பார்கள். காந்தத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.